கேக் இல்லை, கல் மட்டும்

பிள்ளைகளே, போன கிழமை நீங்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டீர்கள். மூத்தவள், "அத்தை ஏன் ஒங்ககிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல?" என்றாள். சின்னவன், "அத்தை மறுபடி வெளிநாடு போறாங்களாப்பா?" என்றான். ஹயர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். ஹயர் ஒன்றும் இருக்கவில்லை. லிந்துலைச் சந்தி வரை போய் சும்மா திரும்பி வந்தேன்.

வாயால் சொன்னால் பாதியில் நழுவிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் ஸ்டாண்டில் ஆள் வராத நேரத்தில் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்துங்கள், சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் கடைசி வரை படியுங்கள்.

அத்தை இரண்டு தடவை வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போனதும், இரண்டாம் தடவை அவளுடைய சின்னவள் நம் வீட்டில் வளர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இரண்டு வருடம் அம்மாவை போனில் மட்டும் பார்த்தது. அத்தை திரும்பி வந்த அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "போன்ல இருக்கிற அம்மாதான் வேணும்" என்று அழுததே, நினைவிருக்கிறதா? அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. "இனிமே போக மாட்டேன் அண்ணே, கேக் செஞ்சி பொழைச்சிக்கிறேன்" என்றாள். அங்கே எஜமானியம்மா வீட்டில் கற்றுக்கொண்ட வேலை. வரும்போது கேக் சுடுகிற ஒரு சின்னக் கரண்ட் அடுப்பை, அதுதான் 'அவன்', அதையும் கொண்டுவந்திருந்தாள்.

அந்த அவனை வைத்து நம் லயத்து வரிசை வீடுகளில் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. புருசன் கொழும்புக்குப் போய்த் திரும்பி வராதவள் என்பதையும் பார்க்காமல், பைப்படியில் பெண்கள் கேட்பார்கள், "என்னடி, ஒங்கவன் இன்னைக்குச் சூடா இருக்கானா?" அத்தையும் விடமாட்டாள். "என்னோட அவன் சுவிச்சப் போட்டாச் சூடாவான், நிப்பாட்டினா நிப்பான். ஒங்கவன் அப்படியா?"

ஆனால் லயத்துக்குள் பிறந்தநாள் வருடத்துக்கு எத்தனை வந்துவிடும்? வெளியாட்கள் வாங்கினால்தான் பிழைப்பு. இதற்கிடையில் ஹட்டனில் இருக்கும் ஏஜன்ட் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல வீடு, இரண்டே பேர்தான், மாத முடிவுத் திங்கட்கிழமைக்குள் பாஸ்போட்டைக் கொடுத்தால் போதும் என்றார். அத்தை வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "கேக் ஓடுதான்னு பாக்கலாம்" என்றாள். ஓடாவிட்டால் போய்விடுவாள். சின்னவள் மறுபடி கதவுக்குப் பின்னால்.

அதை ஓட வைக்க நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த வழியைக் கெடுத்தவனும் நான்தான்.

நமக்கு விலாசம் என்று ஒன்று கிடையாது. கடிதம் வந்தால் தோட்ட ஆபிசுக்கு வரும். நம் லயத்துக்கு வழி கேட்டால், பேக்டரியில் கீழே இறங்கு, பாலம் தாண்டு, பிள்ளைக் காம்பராவில் கேள் என்றுதான் சொல்லுவோம். அங்கே பிள்ளை பார்க்கிற அம்மா கை நீட்டிக் காட்டுவார். இதை வைத்துக்கொண்டு நுவரெலியாவில் இருந்து ஒருவர் எப்படிக் கேக் வாங்க வருவார்?

இப்போது வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை. ஸ்டாண்டில் நிற்கிற எங்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் வேன் நிற்கும், கண்ணாடி இறங்கும், நீர்வீழ்ச்சி எங்கே, சாப்பாட்டுக் கடை எங்கே என்று கேட்பார்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது அப்படியே ஒரு ஹயர் பேசிவிடலாம். இப்போது கண்ணாடி இறங்குவதே இல்லை. போன் வரைபடத்தில் 'பக்கத்தில்' என்று போட்டு, வேண்டிய சாமானின் பெயரையும் போட்டால், எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடம், வாங்கிய ஆள் என்ன சொன்னான், எல்லாம் வந்துவிடும். சந்தியில் டயர் ஒட்டுகிறவர் தன் கடையை அதில் போட்டார். கொழும்புக் கார்கள் காற்றுப் போன டயரோடு நேரே அவர் முன்னால் வந்து நிற்கின்றன. அவருக்கு என்னைவிடச் சிங்களம் குறைவு. ஆனால் அவர் பேசவே வேண்டியதில்லை.

"நீங்களும் போட்டு விடுங்கண்ணே, தங்கச்சி கேக் வீட்ட" என்றார். "ரெண்டு நிமிச வேல. எடம் எதுன்னு கேக்கும், ஒரு பொத்தான அமுக்கினா சரி."

அன்றைக்கே அமுக்கினேன். ஆனால் எங்கே நின்றுகொண்டு அமுக்கினேன்? அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

நம் லயத்தில் கவரேஜ் இல்லை. பேச வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டி, ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக்குள்ளே கால் மணி நேரம் ஏறி, மெயின் ரோட்டோரம் இருக்கும் மொட்டைக்கல்லுக்குப் போக வேண்டும். பெரியவர்கள்தான் இப்போதும் மொட்டைக்கல் என்கிறார்கள். உங்களுக்கெல்லாம் அது கவரேஜ் கல். நானும் அங்கே ஏறி நின்றுதான் அத்தையின் கேக் வீட்டைப் பதிந்தேன். பெயர் போட்டேன். அத்தைக்குக் கவரேஜ் இல்லாததால் என் நம்பரைப் போட்டேன். ரோஜாப்பூ வைத்த கேக் படம் ஒன்றைப் போட்டேன். இடம் எது என்று கேட்டது. கீழே, 'நீங்கள் இப்போது நிற்கும் இடம்' என்று ஒரு பொத்தான்.

பிள்ளைகளே, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. நிற்கிற இடம் என்றால் நம்முடைய இடம், தோட்டம் என்றுதான் நினைத்தேன். பெருமையாக அமுக்கிவிட்டு இறங்கி வந்தேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டாண்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனைத் தடவுவேன். ஹயர் போகிறபோது கூட ஹாண்டிலில் ஒரு கை, சட்டைப் பையில் ஒரு கை. உங்கள் அம்மா ஏசினாள், "அது என்ன போனா, புள்ளத்தாச்சியா, எந்நேரமும் தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?" ஒரு கிழமை போனது. ஒருவரும் வரவில்லை. அத்தை ஒவ்வொரு நாளும் அவன் கதவைத் துடைத்து வைத்தாள்.

இரண்டாம் கிழமை ஒரு நாள், தலவாக்கலைக்கு ஹயர் போய் வந்து பார்த்தால், தெரியாத நம்பரில் இருந்து மூன்று மிஸ்டு கோல். திருப்பி எடுத்தேன், பதில் இல்லை. அன்று பின்னேரம் அத்தையின் கேக் வீட்டுக்குக் கீழே ஒரு நட்சத்திரம் விழுந்திருந்தது. ஐந்துக்கு ஒன்று. சிங்களத்தில் ஒரு வரி. நான் சிங்களம் பேசுவேனே தவிர எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. போன், தமிழில் தரட்டுமா என்று கேட்டது. தா என்றேன். தந்தது:

'கேக் இல்லை. கல் மட்டும் தான். நாய் நல்லது.'

எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. கேக்கா இது, கல்லு, நாய்க்குத்தான் நல்லது என்று ஒருவன் ஊர் உலகம் பார்க்க எழுதி வைத்திருக்கிறானே! எப்போது வாங்கினான், யாரிடம் வாங்கினான் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ரோசம் வந்தால் மூளை வேலை செய்யாது. யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்குப் போய் அத்தையிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"கேக்கு கொஞ்சம் கெட்டியா இருக்கோ?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மாஜரின் கொஞ்சம் கூடப் போட்டுப் பாரேன்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கூடப் போட்டாள். அடுத்த கிழமை முட்டையைக் கூட்டச் சொன்னேன். அதற்கடுத்த தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே மாவைச் சலித்துக்கொண்டு, "என் கைதான் சரியில்ல போல" என்றாள். அப்போதாவது போனைக் காட்டியிருக்கலாம். மழை, அதுதான் ஆட்கள் வரவில்லை என்றேன். ஏஜன்ட் வாரத்துக்கு இரண்டு தடவை என் நம்பருக்குக் கோல் எடுக்க ஆரம்பித்திருந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து பாஸ்போட்டை எடுத்து அத்தை தலையணைக்குக் கீழே வைத்திருப்பதாக உங்கள் அம்மா சொன்னாள்.

ஏஜன்ட் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை காலையில்தான் கோல் வந்தது. மெயின் ரோட்டில், கல்லைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் இருக்கும் தங்குவிடுதியின் மேனேஜர். அவருடைய விருந்தாளி ஒருவருக்குப் பிறந்தநாள். போனில் பக்கத்தில் கேக் என்று தேடினாராம், நம்முடையதுதான் முதலில் வந்ததாம். நான்கு மணிக்கு வேண்டும், மூன்றரைக்கு பைக் ஒன்று வந்து எடுத்துக்கொள்ளும் என்றார்.

வீட்டுக்குப் பறந்து போய்ச் சொன்னேன். அத்தை உடனே அவன் சுவிச்சைப் போட்டாள். சின்னவளிடம், "இன்னைக்குக் குதிச்சிக் கிதிச்சி வெளயாடாத, கேக் உக்காந்திரும்" என்றாள். அந்தப் பிள்ளை பகல் வரைக்கும் நுனிக்காலில் நடந்தது.

எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. பைக் எங்கே வருகிறது என்று காட்டும் ஒன்றை மேனேஜர் என் போனுக்கு அனுப்பியிருந்தார், அதைப் பார்க்கக் கவரேஜ் வேண்டும். ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு நுவரெலியாப் பக்கமிருந்து ஒரு சின்னப் புள்ளி கிளம்பியது. வளைவில் வளைந்தது, நேரில் நேராக வந்தது. நேரில் பார்க்கிற மாதிரியே இருந்தது. ஆள் அறியாத ஒருவர் எந்த மூலையில் வருகிறார் என்று உட்கார்ந்த இடத்தில் தெரிகிறது, அவருக்கும் நம் வாசல் தெரிகிறது. இதற்குமேல் ஒரு கடைக்காரனுக்கு என்ன வேண்டும் என்று அப்போதும் நினைத்தேன்.

புள்ளி மொட்டைக்கல்லுக்கு வந்து நின்றது.

கோல் பேசுகிறார் போல என்று நினைத்தேன். அங்கே நின்று பேசாதவர் யார்? இரண்டு நிமிடம் ஆனது. நான்கு ஆனது. எழுந்து ஆட்டோவைச் சுற்றி வந்தேன். போன் அடித்தது.

"அண்ணே, வந்துட்டேன். கேக்கக் குடுங்க." தமிழ் ஆள்தான்.

"எங்க வந்துட்டீங்க?"

"ஒங்க கேக் வீட்டுக்கு."

"வீட்டுக்கா? முன்னால என்ன தெரியுது?"

"கல்லு தெரியுது."

"வேற?"

"நாயி ஒண்ணு படுத்திருக்கு. அதுகிட்ட வேணும்னா கேக்கட்டுமா?"

தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அப்போதும் பிழை அவருடையது என்றுதான் நினைத்தேன். அங்கேயே நில்லுங்கள் என்று கத்திவிட்டு ஆட்டோவை விரட்டினேன். பேக்டரித் திருப்பத்தில் கீழே இறங்குவதா, நேரே ஏறுவதா என்று ஒரு கணம் பிரேக் போட்டு, நேரே ஏறினேன்.

பைக்காரருக்கு என் வயது இருக்கும். கல்லில் சாய்ந்து நின்றார். நாய் அவர் காலடியில் இருந்தது. "வழி தப்பி வந்துட்டீங்க" என்றேன். அவர் போனை என் முன்னால் நீட்டினார். வரைபடத்தில் ரோட்டோரம் ஒரு சிவப்பு ஊசி, அத்தை கேக் வீட்டின் பெயர், ரோஜாப்பூப் படம். அதைச் சுற்றி அதே இடத்தில் இன்னும் நெருக்கமாக ஊசிகள்: தையல் அக்காவின் கடை, சலூன், போன் திருத்துகிறவர். நம் தோட்டமே அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றது.

"போன் சரியாத்தான் கூட்டியாந்துச்சி. நீங்கதான் கல்லுல வீடு கட்டியிருக்கீங்க" என்றார்.

கீழே பார்த்தேன். லயத்துக் கூரை தெரிந்தது. தகரத்தின் மேல் வைத்த டயர் கூடத் தெரிந்தது. ரோட்டால் சுற்றிப் போனால் இருபத்தைந்து நிமிடம். "பத்து நிமிசத்துக்கு மேல நிக்க முடியாதுண்ணே, போன் தானா கட் பண்ணிரும், வேற வேல குடுத்துரும்" என்றார் அவர்.

நான் கல் மேல் ஏறிக் கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் கீழே கேட்காது. ஆனால் நடுவில் ஏழாம் நம்பரில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது. மேல் நிரையில் இருந்து ஒரு அக்கா கை காட்டினாள்.

"என்னாவாம்?"

"கேக்க கல்லுக்குக் கொண்டாரச் சொல்லுங்க! சீக்கிரம்!"

அவள் கீழ் நிரைக்குக் கத்தினாள். அந்த நிரை அதற்குக் கீழ் நிரைக்கு. கங்காணி, "பறிக்கிற வேலையப் பாருங்கடி" என்று ஒரு பக்கம் சத்தம் போட்டார். அது இறங்கி இறங்கி லயத்துக்குப் போனபோது என்ன ஆகியிருந்ததோ, அத்தை பிறகு சொன்னாள்: "அண்ணன் கல்லுல விழுந்துட்டாருன்னு சொன்னாங்க."

பயந்து ஓடி வந்தவள் பாதி வழியில் சரியான செய்தி கேட்டுத் திரும்பிப் போய்ப் பெட்டியை எடுத்து வர வேண்டியதாகிவிட்டது. பைக்காரர் பத்து நிமிடத்துக்கு மேலும் நின்றார். பிறகு போனைக் காட்டி, "கட் பண்ணிருச்சிண்ணே. மன்னிச்சிக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் தேயிலைக்குள்ளிருந்து அத்தையின் தலை தெரிந்தது. பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். கால் முழுதும் சேறு.

"எங்க அந்த ஆளு?"

"ஏறு, நாமளே கொண்டு போவோம்" என்றேன்.

நான்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு மூலை நசுங்கியிருந்தது. அத்தை கொண்டுவந்த ஐசிங்கை வைத்து, வாசல்படியிலேயே மண்டியிட்டு அதைச் சரிசெய்தாள். மேனேஜர் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசினார். கேக்கை உள்ளே அனுப்பிவிட்டு வந்து, "நாங்க வேற கடைக்குப் போகத்தான் இருந்தோம்" என்றார். நான் வெட்கத்தில், வழிக் குழப்பம் மாத்தயா, இல்லையென்றால் கேக்கில் குறையில்லை, யாரோ ஒருவன் பொறாமையில் கல்லு என்று எழுதியிருக்கிறான், அதை நம்பாதீர்கள் என்று உளறிவிட்டேன்.

"யாரு என்ன எழுதினது?" என்றாள் அத்தை.

மேனேஜர் தன் போனைத் திறந்து வாசித்தார். சிரித்தார். "அண்ணே, இது ஏசினது இல்ல. கேக் நெவெய் என்னு போட்டிருந்தா நீங்க நெனச்ச மாதிரி. இவர் கேக் நே என்னுதான் போட்டிருக்கார். கேக் அங்க இருக்கல்ல, கல்லு மட்டும்தான் இருந்தது. நாய் நல்ல நாய் என்னு."

காதால் கேட்டவுடன் எனக்கே விளங்கிவிட்டது. 'இது கேக் இல்லை' என்பதற்குச் சிங்களத்தில் ஒரு சொல், 'இங்கே கேக் இல்லை' என்பதற்கு வேறு ஒரு சொல். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே 'இல்ல'தான். அந்த மனிதர் கேக் வாங்க வந்து, கல்லைப் பார்த்து, என்னை மூன்று தடவை கூப்பிட்டு, நாயைத் தடவிவிட்டுப் போயிருக்கிறார்.

திரும்பும்போது அத்தை பின் சீட்டில் இருந்தாள். கண்ணாடியில் பார்த்தால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கல் கிட்ட வரும்போது கேட்டாள்.

"அதுக்குத்தான் மாஜரின் கூடப் போடச் சொன்னீங்களா?"

"ஆமா."

"முட்டையும்?"

"ம்."

"எத்தன நாளா தெரியும்?"

சொன்னேன்.

"என்கிட்டக் காட்டியிருந்தா நானாவது கேட்டிருப்பேன், யாருக்கு வித்தோம்னு" என்றாள். "என் கை சரியில்லன்னு ஒவ்வொரு நாளும் படுத்துக்கிட்டு நெனச்சிக்கிட்டிருந்தேன் அண்ணே. நீங்க மழைன்னு சொன்னீங்க."

மூத்தவளே, உன் கேள்விக்கு இதுதான் பதில்.

சின்னவனே, உன்னுடையதற்கு: திங்கட்கிழமை காலை அத்தை தனியாகக் கல்லுக்கு ஏறிப்போய் ஏஜன்டிடம் பேசினாள். மேனேஜர் ஞாயிறு அன்றே கோல் எடுத்து, விருந்தாளிகள் தட்டை வழித்துச் சாப்பிட்டதாகவும் அடுத்த சனிக்கு இரண்டு வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அது மட்டும் காரணமில்லை. உங்கள் அம்மாவிடம் அத்தை சொன்னது இது: "நாலு பேரு தின்னுட்டு நல்லாயில்லன்னு சொல்லியிருந்தாப் போயிருப்பேன். இப்பதானே ஒரு எடத்துல தின்னிருக்காங்க, அதுக்குள்ள எப்படிப் போறது?" பாஸ்போட் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. எத்தனை நாளைக்கு என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாததைச் சொல்லி நான் பட்டது போதும்.

அன்று பின்னேரம் நான் மட்டும் கல்லுக்குப் போனேன். ஊசியை விரலால் இழுத்து நகர்த்தலாம் என்று டயர்க்காரர் சொல்லித் தந்திருந்தார். வரைபடத்தைப் பெரிதாக்கி, ஆற்றைத் தாண்டி, டயர் வைத்த நம் கூரையைத் தேடிப் பிடித்தேன். விரலை வைத்தபிறகுதான் ஒன்று தோன்றியது. மேனேஜருக்கு நாம் முதலில் தெரிந்தது இந்தப் பிழையால்தான். கீழே நகர்த்தினால் ரோட்டு வழி தூரம் காட்டும், முதலில் வரமாட்டோம். கல்லில் விட்டால் ஆட்கள் வருவார்கள், கேக் இருக்காது. கீழே வைத்தால் கேக் இருக்கும், ஆட்கள் வருவார்களா என்று தெரியாது. இழுத்து வீட்டில் விட்டேன். 'பரிசீலனையில் உள்ளது, சில நாட்கள் ஆகலாம்' என்றது போன்.

அந்தச் சில நாட்களில் யாராவது வந்துவிட்டால்? ஆட்டோ மட்காட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்ட் சீட்டுக்கு அடியில் இருந்தது. கல்லில் தமிழில் 'கேக் கீழே' என்று எழுதி, என் நம்பரைப் போட்டு, லயத்தைப் பார்த்து ஒரு அம்புக்குறி கீறினேன். சிங்களத்திலும் வேண்டுமே. அந்த ஒற்றை நட்சத்திரக்காரர் எழுதியதைத் திறந்து, போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, 'கேக்' என்ற முதல் சொல்லை மட்டும் அதே சுழியோடு கல்லில் பார்த்து எழுதினேன். நாய் எழுந்து தள்ளிப் படுத்துக்கொண்டது.